பொச்சுமட்டையும் பெக்டின் நொதியங்களும்: ஊறல் களப்பில்தான் நடக்க வேண்டுமா?

(முந்தலில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)



தாவரக் கலச்சுவரில் உள்ள பெக்டினைச் சிதைக்கும் நொதியங்களைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்தீர்கள். பழச்சாற்றைத் தெளியவைப்பது, பருத்தித் துணியைச் சாயத்துக்குத் தயார்ப்படுத்துவது என்று இந்த நொதியங்களின் பயன்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் புத்தளம், குருணாகல், கம்பஹா மாவட்டங்கள் சேர்ந்த தென்னை முக்கோணத்தில் நின்று பேசுகிறவனுக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது தும்பு என்னும் நாரை எடுப்பதற்காகத் தண்ணீரில் ஊறவைக்கும் தேங்காய்ப் பொச்சுமட்டைதான். உலகில் மனிதர் பெரிய அளவில் பெக்டின் நொதியங்களை வேலைவாங்கிய மிகப் பழைய தொழில்களுள் அது ஒன்று. நொதியம் என்ற பெயரே தெரியாத காலத்தில் நம் கரையோர மக்கள் அதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

என் வாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மட்டை களப்பில் ஊறும்போது அந்த நீர் மூன்று வேலைகளைச் செய்கிறது: மட்டையின் துவர்ப்பைக் கழுவி எடுத்துச் செல்கிறது, பெக்டினைத் தின்னும் நுண்ணங்கிகளைக் கொண்டுவந்து சேர்க்கிறது, அவை வேலைசெய்ய மாதக்கணக்கில் இடங்கொடுக்கிறது. இம்மூன்றையும் நொதியத்தின் நடத்தையைக் கொண்டு விளங்கிக்கொண்டால், மூன்றையும் ஒரு மூடிய தொட்டியில் குறைந்த நாளில் செய்துவிடலாம். ஆகவே களப்பிலோ கால்வாயிலோ மட்டையைப் போடுவதற்கும், தும்பு ஆலைகளின் ஊறல் கிடங்குகளிலுள்ள கறுத்த நீரை அவற்றுக்குள் திறந்துவிடுவதற்கும் இனித் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. இதை ஒவ்வொரு படியாக நிறுவ முயல்கிறேன்.

1. முதலில் பெக்டின் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு தாவரக் கலத்துக்கும் அடுத்த கலத்துக்கும் நடுவே மெல்லிய ஒரு படை இருக்கிறது. நடுமென்றட்டு என்று பாடநூல்களில் படித்திருப்பீர்கள். கலங்களைச் செங்கற்கள் என்று கொண்டால் இந்தப் படை அவற்றைப் பிடித்துவைக்கும் சாந்து. அந்தச் சாந்தின் முதன்மையான பொருள் பெக்டின். கலக்டூரோனிக் அமில மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி அது. சில கண்ணிகளின் மேல் மெதைல் கூட்டம் ஒட்டியிருக்கும். ஒட்டாத கண்ணிகள் மறை ஏற்றம் உடையவை. பக்கத்துச் சங்கிலியின் அத்தகைய கண்ணிகளோடு கல்சியம் அயன் நடுவே நின்று இவற்றைப் பிணைக்கும். இப்படிப் பிணைந்ததைத்தான் கல்சியம் பெக்டேற்று என்கிறோம். பச்சைக் காய் விரலுக்கு அடங்காமல் இறுகி நிற்பதில் இந்தப் பிணைப்புக்குப் பங்கு உண்டு. 1825இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிரக்கோனோ இந்தப் பொருளைத் தனியே பிரித்துப் பெயர் சூட்டினார். இழைப் பயிரை ஊறவைக்கும் கலை அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முந்தியது.

2. பெக்டினைச் சிதைக்கும் நொதியம் என்று ஒருமையில் சொல்வது வசதியான பேச்சு. உண்மையில் அது ஒரு கூட்டம். பெக்டின் மெதைல் எசுத்தரேசு சங்கிலியின் மேலுள்ள மெதைல் கூட்டங்களை உரித்தெடுக்கிறது. அப்படி உரிக்கப்பட்ட இடத்தில் பொலிகலக்டூரோனேசு நீர்மூலக்கூறு ஒன்றைப் புகுத்திச் சங்கிலியை வெட்டுகிறது. இது பெரும்பாலும் அமிலச் சூழலை விரும்பும். பெக்டேற்று லயேசு நீரைப் பயன்படுத்தாமல் வேறு வழியில் அதே சங்கிலியை அறுக்கிறது. அதற்குக் கல்சியம் வேண்டும், சற்றுக் காரமான நீர் வேண்டும். கிளைகள் நிறைந்த பகுதிகளை வெட்டுவதற்கு இன்னும் பல நொதியங்கள் இருக்கின்றன. எந்த நொதியம் எங்கே வேலைசெய்யும் என்பதைச் சூழல்தான் தீர்மானிக்கிறது. கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம் கல்சியம் உண்டு; அதன் தன்மையும் சற்றுக் காரமானது. கடலும் ஆறும் கலந்த நீரில் பெக்டேற்று லயேசு சுரக்கும் பற்றீரியாக்களுக்கு வேண்டியவை இயல்பாகவே அமைந்துவிடுகின்றன. உவர்நீரில் மட்டை நன்றாக ஊறும் என்று நம் முன்னோர் கண்ட அனுபவத்துக்கு இது ஒரு விளக்கம். ஆனால் கவனியுங்கள்: தேவைப்படுவது கல்சியமும் காரத்தன்மையும், இவற்றைச் சிறிதளவு சுண்ணாம்பும் தரும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு நொதியத்தை மட்டும் குற்றவாளி என்றோ கதாநாயகன் என்றோ பிடித்துக்கொண்டால் ஏமாந்துபோவோம் என்பதற்குத் தக்காளி நல்ல சாட்சி. பழம் கனியும்போது பொலிகலக்டூரோனேசு பெருமளவில் கூடுகிறது. ஆகவே பழத்தை இளகவைப்பது அதுதான் என்று பல காலம் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் அமெரிக்காவின் கல்ஜீன் நிறுவனம் அந்த நொதியத்தின் மரபணுவை அடக்கி ஒரு தக்காளியை உருவாக்கியது. 1994இல் விற்பனைக்கு வந்த ‘ஃபிளேவர் சேவர்’ என்னும் அந்தத் தக்காளிதான், முழு உணவாக விற்க உரிமம் பெற்ற முதல் மரபணு மாற்றப் பயிர். பழம் இளகுவது எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. சில ஆண்டுகளில் அது சந்தையிலிருந்து மறைந்தது. 2016இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் குழுவினர், அளவில் குறைவாகவே காணப்படும் பெக்டேற்று லயேசை அடக்கியபோதுதான் பழம் நெடுநாள் இறுக்கமாக நின்றது. அதிகமாகத் தென்படும் நொதியம்தான் வேலையை முடிக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. எது எந்தப் படையைத் தொடுகிறது என்பதே கேள்வி. மட்டையின் விடயத்திலும் இந்தக் கேள்விதான் நமக்கு வழிகாட்டும்.

3. இனி நம் மட்டைக்கு வருவோம். இங்கே ஒரு வலுவான மறுப்பைச் சந்தித்தே ஆக வேண்டும். தும்பின் வேதிச் சேர்க்கையைப் பார்த்தவர்கள் கேட்பார்கள்: தும்பில் இலிக்னின் ஏறக்குறைய 45 வீதம், செலுலோசு 43 வீதம், பெக்டின் வகைப் பொருள்களோ வெறும் 3 வீதம், அந்த 3 வீதத்தைச் சிதைக்கும் நொதியத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? தும்பு இலிக்னினின் பிள்ளை அல்லவா, அதை உடைக்கும் பங்கசுகளைப் பற்றி அல்லவா பேச வேண்டும்?

மறுப்பில் உள்ள எண்கள் சரி. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான் பிழை. பெக்டின் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது முக்கியம். மட்டைக்குள் இரண்டு வகை இழையங்கள் உண்டு. ஒன்று, தும்பு என்று நாம் எடுக்கும் கற்றைகள். தடித்த சுவர், நிறைய இலிக்னின். மற்றது, அந்தக் கற்றைகளுக்கு இடையே நிரம்பியிருக்கும் மெத்தென்ற புடைக்கலவிழையம், மெல்லிய சுவர். பின்னால் தும்புத்தூளாக உதிர்வது இதுதான். தும்பெடுப்பவர் விரும்புவது கற்றையையும் தூளையும் பிரிப்பதை மட்டுமே. கற்றையைக் கலங்கலமாகப் பிரிப்பதை அல்ல. கற்றைக்கும் தூளுக்கும் இடையேயான எல்லையிலும், தூள் இழையத்தின் கலங்களுக்கு நடுவிலும் இருக்கும் பிணைப்பில்தான் பெக்டினுக்குப் பங்கு இருக்கிறது. நொதியம் அந்த எல்லையைத் தளர்த்தினால் போதும்; மீதியை மரக்கட்டையால் அடிப்பதோ உருளை இயந்திரமோ முடித்துவிடும்.

இதை ஆளிச்செடியோடு ஒப்பிட்டால் உண்மை இன்னும் தெளிவாகும். லினன் துணி தரும் ஆளியின் தனி நார்க்கலம் ஒன்று சராசரியாக 2 முதல் 3 சென்றிமீற்றர் நீளமானது. ஆகவே ஆளியை ஊறவைக்கும்போது கற்றையையும் உடைத்துத் தனித்தனி நாராக்க முடியும். அது பயனும் தரும். தும்பின் தனிக்கலமோ ஒரு மில்லிமீற்றரைத் தாண்டுவதே அரிது. ஒரு சாண் நீளத்துக்கு நம் கையில் நிற்கும் தும்பு, இத்தகைய குட்டிக் கலங்கள் பெருந்தொகையாக இலிக்னினால் ஒட்டிய கற்றை. இலிக்னினைக் கரைத்துவிட்டால் நமக்குத் தும்பு கிடைக்காது, மாவுதான் கிடைக்கும். பெக்டின் நொதியங்கள் இலிக்னினைத் தொடுவதில்லை; அந்த வரம்பே தும்புக்குப் பாதுகாப்பு. இலிக்னினைத் தின்னும் பங்கசுகளுக்கு வேறு இடத்தில் வேலை உண்டு: கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக் காளானைக் கொண்டு தும்புத்தூளை உரமாக்கும் முறையை வளர்த்தெடுத்தது. தும்பைப் பிரிக்கும் இடத்தில் அவற்றை விடக் கூடாது. செலுலோசைச் சிதைக்கும் நுண்ணங்கிகளையும் அவ்வாறே விலக்கிவைக்க வேண்டும். ஊறலை வெறும் அழுகலாக விட்டுவிடாமல் தெரிந்தெடுத்த நொதியங்களின் வேலையாக நடத்த வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே அடிப்படை. அதே பெக்டேற்று லயேசுதான் கட்டுமீறினால் சேமிப்பில் உள்ள வெங்காயத்தையும் கோவாவையும் கூழாக்கும் மென்னழுகல் நோய்க்கும் காரணம்.

4. அப்படியானால் ஊறல் ஏன் மாதக்கணக்கில் நீள்கிறது? ஆளி தண்ணீரில் ஒன்றிரண்டு வாரத்தில் ஊறிவிடுகிறது. வங்காளத்துச் சணல் ஏறக்குறைய மூன்று வாரத்தில் ஊறுகிறது. கேரளத்துக் காயல்களிலும் நம் தென்கரையிலும் வெண்தும்புக்காகப் போடும் பச்சை மட்டைக்கு 6 முதல் 10 மாதம் வரை வேண்டியிருக்கிறது. இலிக்னின்தான் தாமதத்துக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. இலிக்னின் ஊறலின் முடிவிலும் அப்படியே இருக்கிறதே. உண்மையான தடை துவர்ப்புதான்: தனின் முதலிய பொலிபீனோல்கள். மட்டை ஊறிய நீர் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். தோலைப் பதனிடும்போது தனின் தோலின் புரதத்தைப் பற்றி இறுக்குகிறது. நொதியமும் புரதமே. பற்றீரியா சுரக்கும் பெக்டின் நொதியத்தை மட்டையின் தனின் அவ்வாறே பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. பற்றீரியாவின் வளர்ச்சியையும் அடக்குகிறது. முதலில் பொலிபீனோல் கரைந்து வெளியேற வேண்டும், அல்லது அதைத் தின்னும் பற்றீரியாக்கள் பெருகி வழிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பெக்டின் நொதியங்களுக்கு முறை வருகிறது. மட்டையின் வெளித்தோல் மெழுகுபூசியது போன்றது; முழு மட்டைக்குள் நீர் புகுவதும் துவர்ப்பு வெளியேறுவதும் மிக மெதுவாக நடக்கின்றன. மாதங்களின் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பிலேயே கழிகிறது.

வற்றுப்பெருக்குள்ள நீரில் ஊறிய மட்டை நல்ல நிறமான தும்பைத் தரும், தேங்கிய நீரில் ஊறியது கறுத்த தும்பைத் தரும் என்று இத்தொழிலில் ஈடுபட்டவர்கள் சொல்வதற்கும் இதுவே பொருள். வந்துபோகும் நீர் பொலிபீனோலை எடுத்துச் செல்கிறது. தேங்கிய நீரில் அது ஒட்சியேறிக் கருமையாகித் தும்பின்மேலேயே படிகிறது. ஆகவே கழுவுதல்தான் முதல் வேலை. அதைச் செய்ய மட்டையை முதலில் நசுக்க வேண்டும். நசுக்கிய மட்டையில் நீர் புகும் வழிகள் பெருகுகின்றன, துவர்ப்பு விரைவில் கரைகிறது. நொதியத்தின் வேகத்தைக் கூட்ட நொதியத்தைக் கூட்டுவதற்கு முன்னால் அதன் எதிரியை அகற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் விலைகொடுத்து வாங்கிய நொதியமும் வீணாகும்.

5. களப்பு இந்த வேலையை இலவசமாகச் செய்துதருகிறது என்று நினைக்கிறோம். ஆனால் அதற்கான விலை களப்பிடம் வாங்கப்படுகிறது. மட்டையிலிருந்து கரையும் சர்க்கரைகளையும் பெக்டினையும் பொலிபீனோலையும் சிதைக்கும்போது பற்றீரியாக்கள் நீரிலுள்ள ஒட்சிசனை முடித்துவிடுகின்றன. அதன் பின் உவர்நீரில் நடப்பது தனிக்கதை. கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேற்று இருக்கிறது. ஒட்சிசன் தீர்ந்த இடத்தில் சல்பேற்றைச் சுவாசிக்கும் பற்றீரியாக்கள் ஆட்சிக்கு வந்து ஐதரசன் சல்பைட்டை வெளியிடுகின்றன. மட்டை ஊறும் இடங்களின் அழுகிய முட்டை நாற்றம் அந்த வாயுதான். மீனுக்கும் இறாலுக்கும் அது நஞ்சு. 1970களிலும் 80களிலும் கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல் ஆய்வாளர்கள் திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடினங்குளம் முதலிய காயல்களில் மட்டை ஊறும் பகுதிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஒட்சிசன் வீழ்ச்சி, சல்பைட்டுப் பெருக்கம், அடிமண்ணில் வாழும் சிற்றுயிர்களும் மீன்களும் அருகிப்போதல் என்று ஒரே கதையைத்தான் அவர்களது பதிவுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

நம் நீர்நிலை இந்தச் சுமையைத் தாங்கக் கூடியதா என்பது அடுத்த கேள்வி. முந்தல் களப்பு ஆழமற்றது. வடக்கே கால்வாய் வழியாகப் புத்தளம் களப்போடு இணைந்து நிற்பது. இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றரை எட்டுவதில்லை. கடலின் பெருக்கு உள்ளே வந்து கழுவிச் செல்லும் வலு இங்கே குறைவு. போட்டது இங்கேயே நெடுநாள் தங்கும். இதற்கு வேறொரு தொழிலின் அனுபவம் நம் கண்முன்னே இருக்கிறது. சிலாபத்திலிருந்து புத்தளம் வரையான இந்தக் கரையில் 1980களில் இறால் பண்ணைகள் பெருகின. பல பண்ணைகள் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தும் அதோடு தொடர்புடைய களப்புகளிலிருந்தும் நீரை எடுத்தன. கழிவையும் அவற்றுக்குள்ளேயே விட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது ஒரு பண்ணையின் கழிவுநீர் அடுத்த பண்ணையின் குடிநீராக இருந்தது. நோய் பரவியதற்கு வைரசு காரணம் என்றால், பரவும் பாதையை நாமே கட்டிவைத்திருந்தோம். தும்புக்கும் இறாலுக்கும் வேதியியல் வேறு. ஆனாலும் எடுக்கும் நீரும் விடும் நீரும் ஒன்றாக இருக்கும் கரையில் எந்தத் தொழிலும் தன் கழிவைத் தானே மறுபடி எடுத்துக்கொள்கிறது என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

‘எங்கள் மாவட்டத்தில் களப்பில் மாதக்கணக்காக யார் ஊறப்போடுகிறார்கள்? வெண்தும்பு தென்கரையின் தொழில். இங்கே ஆலைகள் முற்றிய மட்டையைக் கிடங்கில் சில வாரம் போட்டு உருளை இயந்திரத்தில் கொடுத்துவிடுகின்றன’ என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான், தென்னை முக்கோணம் பெரும்பாலும் பழுப்புத் தும்பின் நாடு. மட்டையை ஆணி பதித்த உருளையில் பிடித்தால் கையில் நிற்பது நீளத் தும்பு, பின்னால் விழுவது மெத்தைத் தும்பும் தூளும். ஆனால் நான்காவது புள்ளியைத் திரும்ப நினையுங்கள். ஊறலில் முதலில் வெளியேறுவது பொலிபீனோல்தான். குறைந்த நாள் ஊறவைக்கும் ஆலை பெக்டின் நொதியத்தின் முழுப் பயனை அடைவதற்கு முன்னமே துவர்ப்பின் சுமையைக் கிடங்கு நீரில் இறக்கிவிடுகிறது. அந்த நீரை வாய்க்காலில் திறந்துவிட்டால் களப்புக்குப் போகிறது. பூச்சில்லாத மணற்கிடங்கில் விட்டுவைத்தால் நிலத்தடிக்கு இறங்குகிறது. மணற்பாங்கான இக்கரையில் கிணற்று நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக, பழுப்புத் தும்பு ஆலைகளுக்கும் என் வாதம் அப்படியே பொருந்தும்.

6. தொட்டியில் இது முடியுமா? முடியும் என்பதற்கு மூன்று இடங்களின் அனுபவத்தைச் சொல்கிறேன். ஊறலுக்குப் பற்றீரியாவே காரணம் என்பது 1895இலேயே நிறுவப்பட்டது. இரசிய நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கியின் ஆய்வகத்தில் ஃபிரைப்ஸ் என்பவர் ஆளி ஊறலிலிருந்து பெக்டினைச் சிதைக்கும் காற்றின்றிய பற்றீரியாவைத் தனியே வளர்த்துக் காட்டினார். அந்த அறிவை இந்தியாவில் சணலுக்குப் பயன்படுத்தியது மேற்கு வங்கத்தின் பாரக்பூரில் உள்ள மத்திய சணல் ஆராய்ச்சி நிறுவனம். பெக்டினைச் சிதைக்கும், செலுலோசைச் சிதைக்காத பசிலசு பற்றீரியாக்களைத் தேர்ந்தெடுத்து, ‘கிரிஜாஃப் சோனா’ என்ற பெயரில் தூளாக உழவர்களுக்குக் கொடுத்தார்கள்; ஊறும் காலம் ஏறக்குறைய ஒரு வாரம் குறைந்தது, நாரின் தரமும் உயர்ந்தது. தும்புக்கு ஆலப்புழைக்கு அருகே கலவூரில் உள்ள இந்தியக் கயிறு வாரியத்தின் மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ‘கொயர்ரெட்’ என்னும் பற்றீரியாக் கூட்டை உருவாக்கியது. அதைக் கொண்டு 10 மாத ஊறலை ஏறக்குறைய 3 மாதமாகக் குறைக்க முடிந்தது. திருவனந்தபுரத்தின் தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இன்னும் ஒருபடி மேலே போய், நசுக்கிய மட்டையை மூடிய கலனில் காற்றின்றி ஊறவைத்து, கரைந்த கரிமப் பொருளை மெதேன் வாயுவாக மாற்றும் வழியை ஆராய்ந்தது. இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். நன்னீரில் சல்பேற்று குறைவு; ஆகவே சல்பைட்டு ஆட்சிக்கு வருவதில்லை, மெதேன் உண்டாக்கும் நுண்ணங்கிகளுக்கு இடம் கிடைக்கிறது. களப்பில் நஞ்சாகப் போன அதே பொருள் தொட்டியில் எரிபொருளாகிறது.

நொதியம் விலையுயர்ந்தது, தும்பு மலிவானது, கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்கு இந்த அனுபவங்களிலேயே விடை இருக்கிறது. தூய நொதியத்தைப் பழச்சாறு ஆலை வாங்கலாம். தும்பு ஆலை வாங்க வேண்டியதில்லை. நொதியத்தைச் சுரக்கும் நுண்ணங்கியை வளர்த்தால் போதும். ஒரு முறை நன்றாக ஊறிய தொட்டியின் நீரில் ஒரு பங்கு அடுத்த தொட்டிக்கு விதையாகிறது. நன்னீருக்கு எங்கே போவது என்ற கேள்வி இதைவிடக் கடினமானது, இந்த வறண்ட கரையில் நியாயமானதும்கூட. கழுவும் நீரையும் ஊறும் நீரையும் பிரித்துவைத்தால் விடை கிடைக்கும். துவர்ப்பைக் கழுவும் முதல் நீர் அளவில் சிறியது, செறிவில் பெரியது. அதுதான் காற்றின்றிய கலனுக்குப் போக வேண்டியது. பின்னைய ஊறல் நீரை மறுபடி மறுபடி சுழற்றலாம். கூரைநீரைச் சேர்க்கும் தொட்டி ஒன்றும் ஆலையில் இருக்கலாம். மழைநீர் மட்டும் தேவையை முழுதாகத் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நன்னீர் குறைவு என்ற காரணத்தால் உவர்நீரைக் கெடுப்பதை நியாயப்படுத்த முடியாது.

7. பொருளாதாரமும் இப்போது அதே பக்கம் சாய்ந்துவிட்டது. மட்டையின் உலர் எடையில் தும்பு ஏறக்குறைய 30 வீதம், தூள் 70 வீதம். தும்புக்கு மட்டும் விலை இருந்த காலத்தில் தூள் ஆலைக்கருகில் மலையாகக் குவிந்து கிடந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பியப் பசுமைக்குடில்கள் சதுப்புநிலக் கரிமண்ணுக்கு மாற்றாகத் தும்புத்தூளை வாங்கத் தொடங்கியபின் நிலைமை தலைகீழானது. அந்தச் சந்தை கேட்கும் முதல் கேள்வி உப்பு. உவர்நீரில் ஊறிய மட்டையின் தூள் சோடியத்தையும் குளோரைட்டையும் உள்ளிழுத்துவைத்திருக்கும்; நாற்றின் வேர் அதைத் தாங்காது. பின்பு அதை நன்னீரில் கழுவி, கல்சியம் நைத்திரேற்றால் பதப்படுத்தித்தான் விற்க வேண்டும். களப்பில் ஊறவைத்து மிச்சப்படுத்திய நன்னீர் இங்கே செலவாகிவிடுகிறது. தும்பு மட்டும் விலைபோன நாளில் உவர்நீர் ஊறல் சரியான தெரிவு. மட்டையின் 70 வீதமும் விலைபோகும் நாளில் அது நட்டம். தொட்டியில் முன்கூட்டியே துவர்ப்பும் உப்பும் நீங்கிய மட்டை, நல்ல தும்பையும் விற்கத்தக்க தூளையும் ஒரே கழுவலில் தருகிறது. கைத்தொழிலின் வருமானமும் களப்பின் நலமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று பல கூட்டங்களில் பேசக் கேட்கிறோம். மட்டை விடயத்தில் அந்த எதிர்ப்பு இல்லை.

தொழிலாளர் பக்கத்திலிருந்து எழும் ஒரு கவலையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊறிய மட்டையை இடுப்பளவு நீரில் நின்று எடுத்துவருவதும் அடிப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்திருக்கிறது. தொட்டி வந்தால் அவர்கள் வேலை போகுமே என்று கேட்பவர்கள் உண்டு. சல்பைட்டு நிறைந்த நீரில் நின்று உழைப்பதைக் காப்பாற்றுவது அவர்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. தொட்டியை நிரப்புவதற்கும் நீரின் அமிலத்தன்மையைப் பார்ப்பதற்கும் விதைநீரைப் பேணுவதற்கும் கற்றுக்கொண்டவர்கள் தேவை. அந்தப் பயிற்சி முதலில் அவர்களுக்கே போய்ச்சேர வேண்டும். இதை ஆலை உரிமையாளர்கள் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த மாவட்டத்திலேயே, லுணுவிலவில், 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கலவூரில் செய்ததை இங்கே அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. அங்கே பச்சை மட்டை, இங்கே முற்றிய மட்டை. துவர்ப்பின் அளவும் நிலையும் வேறு. நம் மட்டைக்கேற்ற பெக்டின் நுண்ணங்கிகள் நம் கிடங்குகளிலேயே இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து, செலுலோசைத் தொடாதவற்றைத் தேர்ந்து, தனினைத் தாங்குபவற்றைப் பெருக்குவது ஒரு பல்கலைக்கழக மாணவர் குழு இரண்டு மூன்று ஆண்டுகளில் செய்து முடிக்கக்கூடிய ஆய்வு. இவ்வறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகையோடு கொஞ்சம் சேர்த்து, முந்தல் பகுதியில் ஒரு தும்பு ஆலையில் பூச்சுப்பூசிய, மூடிய ஊறல் தொட்டி ஒன்றை அமைக்க உதவுங்கள். மட்டையை நசுக்கிப் போட்டு, எத்தனை நாளில் தும்பு பிரிகிறது, தும்பின் நிறமும் வலுவும் எப்படி இருக்கின்றன, வெளியேறும் நீரில் துவர்ப்பும் உப்பும் எவ்வளவு என்ற மூன்றையும் பள்ளி மாணவர்கள் வாரந்தோறும் அளந்து எழுதட்டும். அந்தக் குறிப்பேட்டை ஊர்மக்கள் யாரும் பார்க்கும்படி ஆலை வாசலில் வையுங்கள்.